பாரமான போர்வையும் வராத உறக்கமும்

மார்கழி மாதத்து இரவு. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தில் குளிர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. வீடுகளில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லோரும் உறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் உண்டு. மணி 12 ஆகியும் அவன் உறங்கவில்லை. எழுந்து நடக்கிறான்; படுக்கிறான்; மறுபடியும் எழுகிறான். அவனோடு அம்மாவும் விழித்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவுக்கு மறுநாள் கணக்குத் தேர்வு, அவளும் உறங்கவில்லை. இது ஒரு நாள் கதையன்று. பல மாதங்களாக இப்படித்தான்.

சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா காலையில் ஒரு யோசனை சொல்கிறார்: “அண்ணி, பாரமான போர்வை என்று ஒன்று விற்கிறார்கள். அதைப் போர்த்தினால் இப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாக உறங்குவார்களாம். விலைதான் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள்.”

அம்மா யோசிக்கிறாள். அது அந்த வீட்டுக்குச் சிறிய தொகையன்று. அக்காதான் கேட்கிறாள்: “சித்தப்பா, அது உண்மையிலேயே தூக்கத்தைக் கொடுக்குமா? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?”

மிக நல்ல கேள்வி. மாணவ நண்பர்களே, அந்த அக்காவின் கேள்விக்குத்தான் நாம் இங்கே விடை தேடப் போகிறோம்.

ஆட்டிசம் என்பது என்ன?

1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், தம்மிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்குழந்தைகள் மற்றவர்களோடு பேசிப் பழகிய முறை வேறாக இருந்தது. அன்றாடப் பழக்கங்களில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் அவர்கள் கலங்கினர். கானர் இந்நிலையை ஆட்டிசம் என்ற சொல்லால் குறித்தார்.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. பெற்றோரின் வளர்ப்பில் உள்ள குறையால் வருவதும் அன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு அது. ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலர் பேசுவதே இல்லை. ஒருவரைப் போல மற்றொருவர் இருப்பதில்லை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று.

இவர்களுள் பலருக்குப் புலன்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன. நீங்கள் சட்டை அணிந்ததும் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு உறுத்தும். சற்று நேரத்தில் அதை மறந்துவிடுவீர்கள். ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு அந்த உறுத்தல் நாள் முழுவதும் நீடிக்கலாம். மின்விசிறியின் ஓசை, தெருவிளக்கின் ஒளி, பாயின் சொரசொரப்பு ஆகிய எல்லாமே அப்படித்தான். இரவிலும் அவை ஓய்வதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கத்தில் தொல்லை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

இருவகைத் தொடுகைகள்

கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். உங்கள் முழங்கையில் ஓர் எறும்பு ஊர்கிறது. என்ன செய்வீர்கள்? உடனே துள்ளிக் கையை உதறுவீர்கள். எறும்பின் எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆயினும் அது உங்கள் உடல் முழுவதையும் விழிப்படையச் செய்துவிட்டது!

இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலோடு படுத்திருக்கிறீர்கள். பாட்டி அருகில் உட்கார்ந்து கால்களை அழுத்திப் பிடித்துவிடுகிறாள். அந்தக் கை எறும்பைவிடப் பல்லாயிரம் மடங்கு பலமாக அழுத்துகிறது. ஆனால் நீங்கள் துள்ளவில்லை, கண் சொருகுகிறது.

மெல்லிய தொடுகை விழிப்பூட்டுகிறது. அழுத்தமான தொடுகை அமைதியூட்டுகிறது. இது ஏன்?

நம் தோலில் பல வகை உணர்வேற்பிகள் உள்ளன. மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் தோலின் மேற்பகுதியில் இருந்து மெல்லிய அசைவை உணர்கின்றன. பாசினியன் நுண்ணுறுப்புகள் ஆழத்தில் இருந்து அதிர்வை உணர்கின்றன. இவ்விரண்டும் மாற்றம் ஏற்படும்போது மட்டும் செய்தி அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். மெர்க்கெல் செல்கள் நிலையான அழுத்தத்தையும், ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதையும் உணர்கின்றன. இவை எளிதில் ஓய்வதில்லை. அழுத்தம் நீடிக்கும் வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகளும் அழுத்தத்தையும் கைகால்களின் நிலையையும் மூளைக்குத் தெரிவிக்கின்றன.

மூளை இச்செய்திகளைக் கொண்டு என்ன செய்கிறது? நம் உடலில் தானியங்கு நரம்பு மண்டலம் ஒன்று இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்பு மண்டலம் ஆபத்தின்போது இதயத் துடிப்பை விரைவாக்கும். மற்றொரு பிரிவாகிய எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் ஓய்வின்போது அதை மெதுவாக்கும். உடலில் பரவலாக ஏற்படும் நிதானமான அழுத்தம் இந்தத் தராசை ஓய்வின் பக்கம் சாய்க்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இது அறிவியலாருக்குத் தெரிவதற்கு முன்பே நம் தாய்மார்களுக்குத் தெரியும். புடவையில் கட்டிய தூளியைப் பாருங்கள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினால் முதுகில் மட்டுமே அழுத்தம் இருக்கும். தூளியிலோ துணி இருபுறமும் உடலை அணைத்துப் பிடிக்கிறது. அழுத குழந்தை அடங்குவதில் ஆட்டத்துக்கு மட்டுமல்ல, அந்த அணைப்புக்கும் பங்கு உண்டு.

மாட்டுப் பண்ணையில் கிடைத்த யோசனை

ஆழ்ந்த அழுத்தத்தைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியதற்கு ஒரு பெண் முக்கியக் காரணம். அவர் பெயர் டெம்பிள் கிராண்டின். 1947-இல் அமெரிக்காவில் பிறந்தவர். அவருக்கு ஆட்டிசம் உண்டு.

சிறு வயதில் யாராவது தன்னை அணைத்துக்கொண்டால் அவரால் தாங்க முடியாது, விலகி ஓடுவார். ஆனால் அழுத்தம் வேண்டும் என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. பள்ளி மாணவியாக இருந்தபோது, கோடை விடுமுறையில் அரிசோனா மாநிலத்தில் இருந்த தம் உறவினர் ஒருவரின் பண்ணைக்குச் சென்றார். அங்கே மாடுகளுக்கு ஊசி போடுவதற்காக அவற்றை இரு பக்கப் பலகைகளுக்கு இடையே நிறுத்தி இறுக்கிப் பிடிக்கும் கூண்டு ஒன்று இருந்தது. மிரண்டு வந்த மாடுகள் சில, பலகைகள் உடலை அழுத்தியதும் அடங்கி நின்றன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிராண்டின் தாமும் அக்கூண்டுக்குள் சென்று பார்த்தார். அவருடைய பதற்றம் தணிந்தது.

ஊர் திரும்பியதும் தமக்கென்று மரப்பலகைகளால் ஓர் அணைப்புப் பொறியைச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் அவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் துறைப் பேராசிரியரானார். அழுத்தத்தின் விளைவுகள் பற்றி 1992-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

இக்கதையில் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியின் விசைப்பிடி அவர் கையிலேயே இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். பிறர் அணைத்தபோது தாங்காத உடல், தானே அளந்து பெற்ற அழுத்தத்தில் அமைதி கண்டது. இதை மறக்க வேண்டாம், பிறகு பயன்படும்.

ஒரு சிறு கணக்கு

கிராண்டினின் பொறியை எல்லோரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பாரமான போர்வை அதனினும் எளியது. இரண்டு துணிகளுக்கு இடையே சிறு சிறு கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடி மணிகளையோ வேறு கனமான மணிகளையோ நிரப்பியிருப்பார்கள். கட்டங்கள் இல்லாவிட்டால் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்துவிடும்.

இது உடலை எவ்வளவு அழுத்துகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். போர்வையின் நிறை 3 கிலோகிராம், நீளம் 1.5 மீட்டர், அகலம் 1 மீட்டர் என்று கொள்வோம்.

எடை = 3 × 9.8 = 29.4 நியூட்டன்.
பரப்பு = 1.5 × 1 = 1.5 சதுர மீட்டர்.
அழுத்தம் = 29.4 ÷ 1.5 = ஏறத்தாழ 20 பாஸ்கல்.

அரை கிலோகிராம் நிறையும் 3 சதுர மீட்டர் பரப்பும் உள்ள சாதாரணப் பருத்திப் போர்வைக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 1.6 பாஸ்கல்தான் வரும். பாரமான போர்வை அதைப் போல 12 மடங்கு அழுத்துகிறது.

ஆனால் 20 பாஸ்கல் என்பது பெரிய அளவா? கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1,01,300 பாஸ்கல். போர்வையின் அழுத்தம் அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

ஆலங்காயத்துக்கே வாருங்கள். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைப்பாதையில் காவலூர் இருக்கிறது. புகழ்பெற்ற வைணு பாப்பு வானாய்வகம் அங்குதான் உள்ளது. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டுக் காவலூர் வந்து சேரும் ஒருவர் மேல் காற்றின் அழுத்தம் சுமார் 8,000 பாஸ்கல் குறைந்துவிடுகிறது. அதாவது, பாரமான 400 போர்வைகளை எடுத்துவிட்டதற்குச் சமம். அவருக்குக் காது சற்று அடைத்தது போல் இருக்கலாம், வேறொன்றும் தெரிவதில்லை.

400 போர்வைகளின் அழுத்தம் குறைந்தது தெரியவில்லை; ஒரு போர்வையின் அழுத்தம் தெரிகிறது. இது என்ன விந்தை?

காற்று எல்லாப் பக்கங்களிலும் சமமாக அழுத்துகிறது. உடலின் உள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் எதிர்க்கிறது. ஆகவே தோல் வளைவதில்லை. போர்வையோ மேலிருந்து மட்டும் அழுத்துகிறது. தோளிலும் முழங்காலிலும் கூடுதலாகவும், இடுக்குகளில் குறைவாகவும் அழுத்துகிறது. அங்கங்கே தோல் சற்றே அமுங்குகிறது. உணர்வேற்பிகள் அறிவது அழுத்தத்தின் மொத்த அளவை அல்ல, தோல் உருமாறுவதைத்தான். இதை அறிந்தால், சிறிய பாரம்கூட உடலால் எப்படி நன்கு உணரப்படுகிறது என்பது விளங்கும்.

உறக்கம் வந்ததா?

போர்வையின் பாரத்தை உடல் உணர்கிறது. அழுத்தம் அமைதி தரக்கூடும். இதுவரை சரி. அப்படியானால் உறக்கம் வரும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ‘வரக்கூடும்’ என்பது வேறு. ‘வந்தது’ என்பது வேறு. சோதித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? ஒரு பிள்ளைக்குப் பாரமான போர்வையைக் கொடுத்து, அவன் அன்று நன்றாக உறங்கினான் என்று எழுதிக்கொண்டால் போதுமா? போதாது. அன்று அவன் மிகவும் களைத்திருக்கலாம். புதுப் பொருள் என்ற மகிழ்ச்சியில் அமைதியாகப் படுத்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்த பெற்றோர், பலன் தெரிகிறது என்று தம்மை அறியாமலே நம்பிவிடலாம்.

இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் இதை முறையாகச் செய்தார்கள். அவர்களின் முடிவு 2014-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆட்டிசமும் உறக்கத் தொல்லையும் உள்ள, 5 முதல் 16 வயது வரையிலான 73 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். 67 பேர் முழுவதும் பங்கு கொண்டனர்.

ஆய்வாளர்கள் பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு போர்வைகளைச் செய்தனர். ஒன்று பாரமானது, மற்றொன்று லேசானது. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வாரம் ஒன்றையும், அடுத்த இரண்டு வாரம் மற்றொன்றையும் பயன்படுத்தினான். யாருக்கு எது முதலில் என்பது காசைச் சுண்டிப் போடுவது போலக் குருட்டாம்போக்கில் தீர்மானிக்கப்பட்டது. எல்லோருக்கும் பாரமானதையே முதலில் கொடுத்திருந்தால், இரண்டாம் முறை ஏற்படும் சலிப்பு லேசான போர்வையின் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா? பிள்ளைகளின் மணிக்கட்டில் கடிகாரம் போன்ற அசைவுமானி ஒன்று கட்டப்பட்டது. எப்போது அசைவு அடங்கியது, எத்தனை முறை விழிப்பு வந்தது என்பவற்றை அது பதிவு செய்தது. பெற்றோரும் நாட்குறிப்பு எழுதினர்.

முடிவு என்ன? பாரமான போர்வை உறங்கும் நேரத்தைக் கூட்டவில்லை. உறக்கம் விரைவில் வரவும் இல்லை. இடையில் விழிப்பதும் குறையவில்லை. அசைவுமானியும் அதையே சொன்னது. நாட்குறிப்பும் அதையே சொன்னது.

ஆனால் இன்னொரு முடிவும் கிடைத்தது. எந்தப் போர்வை உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டபோது, பிள்ளைகளும் பெற்றோரும் பாரமான போர்வையையே அதிகம் விரும்பினர்!

இன்னும் இரண்டு சோதனைகள்

சுவீடன் நாட்டில் 2020-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மனச்சோர்வு, பதற்றம் போன்ற நிலைகளோடு உறக்கமின்மையும் கொண்ட 120 பெரியவர்கள் இதில் இருந்தனர். சிலருக்குச் சங்கிலிகள் தைத்த பாரமான போர்வையும், சிலருக்கு லேசான போர்வையும் 4 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. பாரமான போர்வை பெற்ற 10 பேரில் சுமார் 6 பேருக்கு உறக்கமின்மையின் மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. லேசான போர்வை பெற்றவர்களில் அப்படிக் குறைந்தது ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்குத்தான். இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். இவர்கள் பெரியவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அல்லர். மேலும், இந்த மதிப்பெண் அவர்களே நிரப்பிய கேள்வித்தாளிலிருந்து பெறப்பட்டது.

அதே நாட்டில் 2022-இல் மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. உடல்நலம் உள்ள 26 இளைஞர்களுக்கு ஓர் இரவு உடல் எடையில் 12 விழுக்காடு பாரமுள்ள போர்வையும், வேறோர் இரவு லேசான போர்வையும் தரப்பட்டன. மெலடோனின் என்பது இருட்டியதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பது அதுதான். பாரமான போர்வையைப் போர்த்திய இரவில் உமிழ்நீரில் மெலடோனின் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக ஏறியது. ஆனால் அவர்கள் உறங்கிய மொத்த நேரம் கூடவில்லை.

மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடலில் ஏதோ மாற்றம் நிகழ்கிறது. பலருக்கு இதமாக இருக்கிறது. பெரியவர்கள் சிலர் நலமடைந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உறக்கம் கூடும் என்ற வாக்குறுதி, அளந்து பார்த்தபோது நிற்கவில்லை.

இதைக் கேட்டு ‘போர்வை வீண்’ என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை விரும்பினான் என்பதும் ஓர் உண்மையே. விழித்திருக்கும் நேரத்தில் அவனுக்கு அது ஆறுதலாக இருந்தால், அந்த ஆறுதலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆறுதலை ஆறுதல் என்று சொல்ல வேண்டும். உறக்க மருந்து என்று சொல்லக் கூடாது.

ஆபத்தும் உண்டு

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

2008-ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஆட்டிசம் உள்ள 9 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் பாரமான போர்வையில் சுற்றப்பட்டு மூச்சுத் திணறி, பின்னர் இறந்துபோனான். 2022 டிசம்பரில், அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாரமான போர்வைகள் சுமார் 2 லட்சம் விற்பனையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் உறையில் இருந்த ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்த சிறுமிகள் இருவர், வெளியே வர முடியாமல் மூச்சடைத்து இறந்ததே காரணம். அவர்களின் வயது 4, 6.

கிராண்டினின் விசைப்பிடி நினைவிருக்கிறதா? பாதுகாப்பின் முதல் விதி அதுதான்: போர்வையின் அடியில் இருப்பவர், பிறர் உதவியின்றித் தாமே அதை விலக்கிவிட்டு எழ முடிய வேண்டும். அப்படி முடியாதவருக்குப் போர்த்தவே கூடாது. கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. தலையையும் முகத்தையும் மூடக் கூடாது. உடலைச் சுற்றிக் கட்டக் கூடாது. அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்குவதற்கோ தண்டிப்பதற்கோ இதைப் பயன்படுத்தவே கூடாது. மூச்சுத் தொல்லை, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாரம் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். 30 கிலோகிராம் எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோகிராம். இது வழக்கத்தில் வந்த கணக்கே தவிர, சோதனையில் நிறுவப்பட்ட அளவன்று. ‘பாரம் கூடக்கூடப் பலனும் கூடும்’ என்று எண்ணுவது பெருந்தவறு.

கம்பளியும் கோடையும்

ஆலங்காயத்து அக்கா இன்னொன்றையும் யோசிக்கலாம்: “நம் வீட்டில் கனமான கம்பளி இருக்கிறதே! அதைப் போர்த்தினால் என்ன?”

குளிர்காலத்தில் கம்பளி சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுகம் பாரத்தால் வந்ததா, கதகதப்பால் வந்ததா? இரண்டும் ஒன்றாகக் கலந்திருப்பதால் பிரித்துச் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் அதே கம்பளியைப் போர்த்திப் பாருங்கள். உள்ள உறக்கமும் ஓடிவிடும். உறங்கத் தொடங்கும்போது நம் உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். வெப்பம் வெளியேற வழி இல்லாவிட்டால் உறக்கம் கலையும். நம் ஊர்க் கோடையில் எந்தக் கனத்த போர்வைக்கும் இந்தத் தடை உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

ஜவ்வாது மலையில் நன்கு விளையும் சாமையைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு துணிப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1 கிலோகிராம் சாமையை நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். மற்றொன்றில் அதே அளவுக்குப் பொரியை நிரப்பித் தைத்துவிடுங்கள்.

வகுப்புத் தோழர்கள் 10 பேரை அழையுங்கள். ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் சாமைப் பையையும், பூ விழுந்தால் பொரிப் பையையும் மடியில் வையுங்கள். 10 நிமிடம் பேசாமல் இருக்கட்டும். மறுபடியும் நாடியை எண்ணுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மற்றப் பையை வைத்துச் செய்யுங்கள்.

சாமைப் பை வைத்த பலருக்கு நாடி குறைந்திருக்கும். ‘ஆகா, பாரம் வேலை செய்கிறது!’ என்று கூவிவிடாதீர்கள். பொரிப் பை வைத்தவர்களின் கணக்கைப் பாருங்கள். அவர்களுக்கும் குறைந்திருக்கும்! பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே நாடி குறையும். இரண்டு பைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே பாரத்தின் பலன். பொரிப் பை இல்லாத சோதனை உங்களை ஏமாற்றிவிடும். இங்கிலாந்து ஆய்வில் லேசான போர்வை செய்த வேலையும் இதுவே.

அந்த வீட்டுக்கு என்ன சொல்வது?

அக்காவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆம், சோதித்திருக்கிறார்கள். போர்வை அவள் தம்பிக்கு இதமாக இருக்கலாம். உறக்கத்தைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அன்று.

வேறு என்ன செய்யலாம்? முதலில், உறக்கம் ஏன் வரவில்லை என்று தேட வேண்டும். பேச வராத பிள்ளை தன் பல்வலியையோ வயிற்று வலியையோ மலச்சிக்கலையோ சொல்ல முடியாமல் இரவெல்லாம் நடக்கலாம். சில சமயம் வலிப்பு நோயும் உறக்கத்தைக் கலைக்கும். இவற்றை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். இத்தகைய பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டு உதவுவதற்கான அரசு மையங்கள் மாவட்ட அளவில் ஏற்படுத்தப்பட்டுள்ளன. சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. புலன்களின் தொல்லையைக் குறைக்கப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சை வல்லுநரிடம் யோசனை கேட்கலாம். போர்வை வேண்டுமா, எவ்வளவு பாரம் என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார்.

இரண்டாவது, இருட்டு. காவலூரில் வானாய்வகம் அமைத்ததற்கு அங்குள்ள இருண்ட வானமும் ஒரு காரணம். 1986 முதல் அங்கு இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு மங்கலான விண்மீனையும் காண இருட்டு வேண்டும். பினியல் சுரப்பிக்கும் அப்படியே! படுக்கும் அறையில் பளிச்சென்ற விளக்கும் தொலைபேசித் திரையும் இருந்தால் மெலடோனின் சுரப்பது தாமதமாகும். மெலடோனின் மாத்திரையும் உண்டு. அது ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உறக்கம் விரைவில் வர உதவுவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஆனால் மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தாலன்றி அதைக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, ஒழுங்கு. தினமும் ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் படுக்கை. மாற்றத்தைக் கண்டு கலங்கும் பிள்ளைக்கு, அடுத்து வருவது இன்னது என்று தெரிந்திருப்பதே பெரிய அமைதி. இதற்குக் காசு செலவில்லை.

நான்காவதாக, அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். தம்பி எப்போது படுத்தான், எப்போது உறங்கினான், எத்தனை முறை எழுந்தான், அன்று என்ன சாப்பிட்டான் என்று இரண்டு வாரம் எழுதட்டும். எந்த ஒன்றை மாற்றினாலும் அதை மட்டும் மாற்றி, மறுபடியும் இரண்டு வாரம் எழுதட்டும். அந்த நோட்டு மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். உங்கள் வகுப்பில் கண் சிவந்து, கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கும் தோழி அந்த வீட்டு அக்காவாக இருக்கலாம். அவளைக் கேலி செய்யாதீர்கள். ஒரு மாலை நேரம் அவளோடு உட்கார்ந்து, விட்டுப்போன கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். “என் தம்பிக்கு எதைக் கொடுத்தால் நல்லது?” என்று அவள் கேட்டால், யாரோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள். “சோதித்திருக்கிறார்களா? எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்?” என்று அவளோடு சேர்ந்து தேடுங்கள்.